டவுன்டைம்: இயந்திரத்துக்கு நாள் குறிக்கிறோம், ஆளுக்கு?

#1 ஷிப்ட்_இன்சார்ஜ்

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். பல துறை ஆட்கள் இருக்கும் இடம் என்பதால் இங்கே கேட்கிறேன்.

பயணிகள் விமானத்தைப் பொதுவாக ஆறு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹேங்கருக்குள் இழுத்து வந்து, இருக்கை, உள்சுவர், தரை எல்லாவற்றையும் கழற்றி, சட்டகம் வரைக்கும் பார்ப்பார்கள். டி செக் என்று பெயர். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அந்த விமானம் ஒரு டிக்கெட் கூட சம்பாதித்துத் தராது. பல அணு உலைகள் 18 முதல் 24 மாதங்களுக்கு ஒருமுறை எரிபொருள் மாற்ற நிறுத்தப்படுகின்றன. அதற்கான திட்டம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். இவற்றை வீண் நேரம் என்று துறையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் ஆலைத் தொழிலில் டவுன்டைம், அதாவது இயந்திரம் ஓடாமல் நிற்கும் நேரம், இரண்டு வகை. நாமாக நிறுத்துவது ஒன்று, அதுவாக நின்றுவிடுவது இன்னொன்று. நாமாக நிறுத்தும்போது உதிரிபாகம் கையில் இருக்கும், ஆள் இருக்கும், சரக்கு வாங்குகிறவருக்கும் முன்பே சொல்லியிருப்போம். அதுவாக நிற்பது பெரும்பாலும் கைவசம் எதுவும் இல்லாத நேரத்தில்தான் வரும். கசிவைத் தடுக்கும் ஒரு சீல் போனதோடு நிற்காது, சுழலும் தண்டான ஷாஃப்ட்டையும் கெடுத்துவிடும். நாம் நிறுத்தாவிட்டால் அது நின்றுவிடும் என்பது பயிற்சிக்கு வந்த பையனுக்கும் சில வாரங்களில் புரிந்துவிடுகிறது.

ஆனால் அதே ஆலையில் ஆட்களுக்கு முதல் வகை கிடையாது. காய்ச்சலில் படுத்தால் விடுப்பு. இடுப்பு பிடித்துக்கொண்டால் விடுப்பு. நன்றாக இருக்கும்போது நாலு நாள் கேட்டால், "என்ன விசேஷம்?" என்ற கேள்வி வருகிறது. விசேஷம் எதுவும் இல்லை, களைப்பாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லி நான் இதுவரை கேட்கவில்லை. சொல்ல முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஏன் இப்படி? உங்கள் துறைகளில் எப்படி?

#2 சர்வர்காரன்

எங்கள் பக்கம் இதை ஒன்பதுகளில் அளப்போம். ஒரு சேவை 99.9 சதவீத நேரம் கிடைக்கும் என்றால் ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் வரை நிற்கலாம். 99.99 என்றால் 52 நிமிடம் சொச்சம். 99.999 என்றால் வெறும் ஐந்தே கால் நிமிடம்.

இதைக் கேட்கிறவர்கள் சர்வர்கள் ஓய்வே இல்லாமல் ஓடுகின்றன என்று நினைத்துக்கொள்வார்கள். நடப்பது வேறு. ஐந்து ஒன்பது வேண்டுமென்றால் எந்த சர்வரையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்த முடிய வேண்டும். ஒன்றை வரிசையிலிருந்து விலக்கி, அதன் வேலையை மற்றவற்றுக்குத் திருப்பி, மென்பொருள் திருத்தமான பேட்ச் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, சரியாக ஓடுகிறதா என்று பார்த்துச் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போவோம். பட்டப்பகலில் நடக்கும், பயன்படுத்துகிறவருக்குத் தெரியவே தெரியாது. சேவை நிற்காமல் இருப்பதே சர்வர்கள் மாற்றி மாற்றி நிற்பதால்தான்.

இதைக் காக்கும் ஆட்கள் பக்கம் வாருங்கள். நான் முன்பு இருந்த ஒரு குழுவில் டேட்டாபேஸை முழுதாக அறிந்தவர் ஒரே ஒருவர். டேட்டாபேஸுக்கு மூன்று பிரதி வைத்திருந்தோம், அவருக்கு ஒரு பிரதியும் இல்லை. அவர் ஊருக்குப் போனாலும் லேப்டாப் கூடவே போகும்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ஓய்வின் அருமை நிர்வாகத்துக்குத் தெரியாமல் இல்லை. மாற்று ஆள் போடவில்லை, அவ்வளவுதான்.

#3 கணக்காளர்

சரி, இரண்டு ஆள் போட்டால் சம்பளம் இரண்டு. மாற்றாக வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை பம்ப் ஒருமுறை வாங்கினால் போதும். ஸ்டாண்ட்பை ஆளுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும். இதைப் பேசாமல் மேலே போக முடியாது.

#4 டர்பைன்_ஹால்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நிறுத்துவது எப்போதும் நல்லது என்ற எண்ணமே எங்கள் துறையில் உடைந்துபோன ஒன்று.

1978-இல் அமெரிக்க விமானத் துறையிலிருந்து நோலன், ஹீப் இருவரும் எழுதிய ஓர் அறிக்கை வந்தது. அதுவரை எல்லோரும் நம்பியது: பாகம் வயதாக ஆகத் தேயும், குறிப்பிட்ட வயதில் கழற்றி மாற்றினால் பிழைத்தோம். அவர்கள் விமான பாகங்களைப் பார்த்தபோது, வயதோடு தெளிவாகப் பழுது கூடும் வகை 11 சதவீதம்தான். 68 சதவீத பாகங்களில் பழுது அதிகம் வந்தது புதிதாகப் பொருத்திய உடனே. அதாவது நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் திறந்து, தொட்டு, திரும்ப மூடுவதே பல இடங்களில் பழுதைக் கொண்டுவந்தது. அதற்கப்புறம்தான் தேதி பார்த்துப் பிரிப்பதை விட்டு, அதிர்வு, எண்ணெய், வெப்பம் பார்த்துப் பிரிக்கும் பழக்கம் பரவியது.

நிறுத்தவே கூடாத இயந்திரங்களும் உண்டு. கண்ணாடி உருக்கும் உலை ஒருமுறை பற்றவைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டு அணையாமல் எரியும். நடுவில் ஆறவிட்டால் உள்ளே இருக்கும் செங்கல் சுவர் வெடித்துப்போகும்.

நீராவி டர்பைன் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிற்பதற்கே ஒரு முறை உண்டு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். நீராவியை மூடிவிட்டால், உள்ளே சுழலும் கனத்த தண்டான ரோட்டார் மெல்ல வேகம் குறைந்து வரும். அதை அப்படியே நிற்கவிடக் கூடாது. சூடான ரோட்டார் அசையாமல் கிடந்தால் உறைக்குள் சூடு மேலே ஏறும், ரோட்டாரின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிடச் சூடாகி, அத்தனை டன் இரும்பும் மேல்நோக்கி லேசாக வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான், ஆனால் அந்த நிலையில் திரும்ப ஓட்டினால் அதிர்ந்து சீல்களைத் தேய்த்துவிடும். அதனால் மெல்லச் சுழற்றும் கருவியான டர்னிங் கியரைக் கோத்து, நிமிடத்துக்குச் சில சுற்று என்று உருட்டிக்கொண்டே இருப்போம். எண்ணெய் பம்பும் ஓடும். உலோகம் போதிய அளவு ஆறும் வரை, மணிக்கணக்கில், பெரிய இயந்திரம் என்றால் நாள்கணக்கிலும், இது நடக்கும். வேலை செய்யவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை வரை முழு வேகத்தில் ஓடிவிட்டு சனிக்கிழமை காலை ஓய்வாக உட்கார முடியாமல் தவிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். ஓய்வு எடுக்கத் தெரியவில்லை என்று அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஆறுவதற்கு நேரம் ஆகும்.

#5 புதுவரவு

டர்பைன்_ஹால் ஐயா, இதை முதல்முறை கேள்விப்படுகிறேன். நன்றி. டால்பின் தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மட்டும் தூங்கும், மறுபாதி விழித்திருக்கும் என்று படித்திருக்கிறேன். சர்வர்காரன் சொன்ன மாதிரி மாற்றி மாற்றி. நமக்கு அந்த வசதி இல்லாமல் போய்விட்டது.

#6 வார்டு_நர்ஸ்

டால்பின் அளவுக்குப் போக வேண்டாம், உங்கள் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது.

பிறந்ததிலிருந்து நிற்காமல் உழைக்கும் உறுப்பு என்று இதயத்தைச் சொல்வோம். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும்போது ஒரு துடிப்புக்கு 0.85 விநாடி. அதில் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவதற்கு 0.3 விநாடி போதும். மீதி நேரம் தளர்ந்திருக்கிறது. அந்தத் தளர்ந்த நேரத்தில்தான் இதயத்தின் இடப்பக்கத் தசைக்கே பெரும்பாலான ரத்தம் போய்ச் சேருகிறது, ஏனென்றால் சுருங்கும்போது தசைக்குள் இருக்கும் குழாய்கள் நசுங்கிவிடும். உடல் முழுவதற்கும் தள்ளும்போது தன் தசைக்குச் சரியாகக் கிடைப்பதில்லை.

துடிப்பு வேகம் கூடக்கூட எது குறைகிறது தெரியுமா? தள்ளும் நேரம் கொஞ்சம்தான் குறையும். தளர்ந்திருக்கும் நேரம்தான் அதிகம் வெட்டுப்படும். மானிட்டரில் வேகம் ஏறி அப்படியே நிற்கும் நோயாளியை நாங்கள் கவலையோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது எங்களைப் பற்றி. டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் எழுதியது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்கு இறங்குகிறது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் பிடிப்பார்கள். இரவு ஷிப்டில் விடியற்காலை ஊசி மருந்து கலக்கும்போது எத்தனை பேர் அந்த அளவைத் தாண்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வாயை ஊதச் சொன்னால் ஒன்றும் காட்டாது. இதில் எனக்குப் பயமே, அது அவருக்கும் தெரியாது என்பதுதான். பம்பில் சத்தம் வரும், வெளியே நிற்பவருக்குக் கேட்கும். களைத்த ஆள் தனக்கு ஒன்றும் இல்லை என்று மனதார நம்புவார்.

எல்லோரும் ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் விவரம் சொல்லிப் பொறுப்பைக் கொடுக்கும் ஹேண்ட்ஓவர் பற்றியும் பேசினால் நல்லது. ஓய்வு அங்கேதான் உண்மையாகத் தொடங்குகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காமல் வந்தால் வீட்டிலும் வார்டுதான் ஓடும்.

#7 ஷிப்ட்_இன்சார்ஜ்

சிஸ்டர், ஹேண்ட்ஓவர் என்றதும் என் துறையில் எல்லோருக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வரும்: பைப்பர் ஆல்ஃபா. வட கடலில் இருந்த எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6. பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தைத் தகட்டால் மூடி வைத்திருந்தார்கள். வேலை முடியவில்லை. பகல் ஷிப்ட் போய் இரவு ஷிப்ட் வந்தது. வால்வு இல்லை என்ற செய்தி வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் இன்னொரு பம்ப் நின்றபோது, இதை ஓட்டலாம் என்று ஓட்டிவிட்டார்கள். 167 பேர் இறந்தார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், டவுன்டைம் என்பது சும்மா கிடக்கும் நேரம் இல்லை. ஒன்று நின்றிருக்கிறது என்பதை மற்ற எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய நேரம். அதற்குத்தான் பூட்டும் சிவப்பு அட்டையும். சுவிட்சில் என் பூட்டைப் போட்டு சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், மேலாளரே வந்தாலும் அதை ஓட்ட முடியாது. நான் வந்து எடுக்க வேண்டும்.

விடுப்பில் இருக்கும் ஆளுக்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு போன் போட்டு ஓட்டிவிடலாம்.

#8 அம்மாவின்_மகள்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் எந்த ஆலையிலும் இல்லை. மறதி நோய் வந்த அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஷிப்ட் கிடையாது, எனவே ஹேண்ட்ஓவரும் கிடையாது. அம்மா ராத்திரியில் எழுந்து கதவைத் திறக்கப் போவார். தாழ்ப்பாள் சத்தத்துக்கு நான் எழுந்துவிடுவேன். சத்தம் வராத ராத்திரியிலும் எழுந்து, ஏன் சத்தம் வரவில்லை என்று போய்ப் பார்ப்பேன்.

எல்லோரும் அக்கறையாகத்தான் சொல்கிறார்கள்: "நீ உன்னையும் கவனித்துக்கொள், அப்போதுதான் அம்மாவைக் கவனிக்க முடியும்." இதைக் கேட்கும்போது எனக்கு வலிக்கிறது. என் தூக்கம் கூட அம்மாவுக்காகத்தானா? மேலே எல்லோரும் எழுதியதிலும் அதுதான் இருக்கிறது. நன்றாக ஓடுவதற்காக நிறுத்துகிறோம், தவறு செய்யாமல் இருப்பதற்காகத் தூங்குகிறோம். பம்புக்கு அது சரி. ஓடுவதற்காகவே செய்த பொருள். நான் எதற்காகவும் செய்யப்பட்டவள் இல்லையே.

போன மாதம் தம்பி வந்து ஒரு மதியம் முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொண்டான். நான் பக்கத்து அறையில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. காது முழுக்க அந்தப் பக்கம்தான்.

#9 டர்பைன்_ஹால்

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுதியானவன் இல்லை. கடைசியில் சொன்னதற்கு மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு பம்ப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. ஓடாத பம்பின் பேரிங், அதாவது ஷாஃப்ட்டைத் தாங்கும் குண்டு வளையம், புதுசாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்போம். திறந்து பார்த்தால் உள்வளையத்தில் வரிசையாகப் பள்ளம், ஒவ்வொரு குண்டும் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒன்று. ஓடியே இல்லை, எப்படித் தேய்ந்தது? பக்கத்தில் ஓடும் பம்பின் அதிர்வு ஒரே அடித்தளத்தின் வழியாக இதற்கும் வந்துகொண்டே இருக்கும். சுழன்றால் எண்ணெய்ப் படலம் நடுவில் வந்துவிடும். சுழலாமல் அதிர மட்டும் செய்தால் படலம் விலகி, உலோகம் உலோகத்தில் உரசும். ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கர பேரிங்குகளிலும் இதே பள்ளங்கள் வந்திருக்கின்றன, ஒரு கிலோமீட்டர் கூட ஓடாமலே.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, ஷாஃப்ட்டை அவ்வப்போது திருப்பி வைப்பது, அல்லது முறை மாற்றி ஓட்டுவது. இன்னொன்று, அதிர்வு வராத இடத்தில் வைப்பது. பக்கத்து அறை ஒரே அடித்தளம் அம்மா. அடுத்த முறை தம்பி வந்தால் வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள்.

#10 சர்வர்காரன்

ஆன்-கால், அதாவது எப்போது அழைத்தாலும் வேலைக்கு வரத் தயாராகக் காத்திருப்பது, இதுதான்! போன் அடிக்காத ராத்திரியும் ஏன் களைப்பாக இருக்கிறது என்று மேலிடத்துக்குப் புரியவைக்க முடியாமல் இருந்தேன். அடிக்கவில்லையே, தூங்கியிருக்கலாமே என்பார்கள்.

நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம் இது. பெல்ஜியத்தில் ஒரு தீயணைப்பு வீரர், அழைப்பு வந்தால் எட்டு நிமிடத்தில் நிலையத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டில் இருந்தார். அந்த நேரம் வேலை நேரமா, ஓய்வு நேரமா? 2018 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அதை வேலை நேரம் என்று சொன்னது. அவர் வீட்டில் இருந்தாலும், அந்த நிபந்தனை அவருடைய சொந்த வாழ்க்கையை வெகுவாகக் கட்டிப்போடுகிறது என்பது காரணம். உடல் எங்கே இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், மனம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

#11 புதுவரவு

ஓய்வு நேரத்தில் போன் பார்ப்பது ஓய்வா இல்லையா?

#12 வார்டு_நர்ஸ்

தம்பி, வேலை க்ரூப்பைப் பார்த்தால் இல்லை. மற்றபடி உனக்கு எழுந்திருக்கும்போது எப்படி இருக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வை, மூளைக்கு அணைக்கும் சுவிட்ச் இல்லை. உடல் எடையில் 2 சதவீதம், ஆனால் உடலின் ஆற்றலில் 20 சதவீதம் அதற்கே போகிறது, நீ சும்மா உட்கார்ந்திருந்தாலும். கவனமாக ஒரு வேலை செய்யும்போது கூடுவது அதற்கு மேல் மிகக் கொஞ்சம்தான். 2001-இல் மார்கஸ் ரெய்க்கலும் அவர் குழுவினரும் இதைப் பற்றி எழுதினார்கள்: வெளிவேலை இல்லாதபோது மூளையில் சில பகுதிகள் இன்னும் மும்முரமாக இருக்கின்றன. பழைய நினைவு, நாளைய எண்ணம், மற்றவர்களைப் பற்றிய யோசனை எல்லாம் அப்போது ஓடுவது. வெறுமனே ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவரை "சும்மா இருக்கிறார்" என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது எனக்கு.

#13 ஷிப்ட்_இன்சார்ஜ்

அம்மாவின் மகள் கேட்டதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. இழையைத் தொடங்கியவன் நான், இயந்திரத்தை வைத்து மனிதரை அளந்தவனும் நான்தான்.

1921-இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆலைத் தொழிலாளருக்கு ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று உடன்படிக்கை போட்டது. 1948-இன் மனித உரிமைப் பிரகடனத்தில் 24-ஆவது பிரிவு ஓய்வும் ஓய்வுநேரமும் எல்லோருடைய உரிமை என்கிறது. "நன்றாக உழைப்பதற்காக" என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. நான் இனி அந்த இடத்திலிருந்துதான் பேசுவேன். களைத்த ஆள் தவறு செய்வார் என்பது உண்மை, அதைச் சொன்னால் நிர்வாகம் காது கொடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் தவறே செய்யாத ஆளுக்கும் ஓய்வு உண்டு என்று சொல்லத் தெரிய வேண்டும் நமக்கு.

#14 கணக்காளர்

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். செலவு என்ற என் கேள்வி அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்கு என் துறையிலேயே பதில் இருக்கிறது.

பல வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் பணத்தைக் கையாளும் முக்கியமான பொறுப்பில் இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து இரண்டு வாரம் விடுப்பில் போயே ஆக வேண்டும். அந்த நாட்களில் கணினியில் நுழையவும் முடியாது. நல்லெண்ணத்தால் வந்த விதி இல்லை இது. கணக்கில் மோசடி செய்கிறவர் தினமும் உட்கார்ந்து அதை மூடி மறைக்க வேண்டியிருக்கும். இரண்டு வாரம் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வெளியே வந்துவிடும். ஒருநாளும் விடுப்பே எடுக்காத ஊழியரைப் பார்த்து மேலாளர் மகிழ்வார், தணிக்கையாளர் அவருடைய கோப்பைத் தனியாக எடுத்து வைப்பார்.

மோசடியை விடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் வேறு என்னென்னவோ வெளியே வரும். யாருக்குமே தெரியாத கடவுச்சொல், எழுதி வைக்காத நடைமுறை, ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்த தேதிகள். அவர் நாளைக்கே நோயில் படுத்தால் இவை எல்லாம் செலவாக வரும், அதுவும் மோசமான நேரத்தில். மாற்று ஆளுக்கான சம்பளத்தைத் தனியாகப் பார்த்தால் கூடுதல் செலவு. இதையும் சேர்த்துப் பார்த்தால் காப்பீடு.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்ததால் வந்த பக்கவாதம், இதய நோய் காரணமாக 2016-இல் மட்டும் ஏழு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். இந்தச் செலவை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரிந்த யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

#15 சர்வர்காரன்

கணக்காளர் சார், எங்களிடமும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது! நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் கேயாஸ் மங்கி என்று ஒரு நிரல் எழுதினார்கள். அது வேலை நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஏதாவது ஒன்றைத் தன் போக்கில் நிறுத்திவிடும். எது எப்போது போனாலும் சேவை தாங்கும்படி கட்ட வேண்டிய கட்டாயம் அதனால் வந்தது. ஆள் விஷயத்தில் விடுப்புதான் அந்தச் சோதனை. ஒருவர் விடுப்பில் போய், அவருக்கு ஒரு போன் கூடப் போகாமல் வேலை நடந்தால் தேறினோம். போன் போனால், அடைக்க வேண்டிய ஓட்டை எது என்று தெரிந்துகொண்டோம்.

இந்த வாரக் கூட்டத்தில் மூன்று கோரிக்கை வைக்கப் போகிறேன். ஆன்-காலில் எப்போதும் இரண்டு பேர். ராத்திரி எழுப்பப்பட்டவருக்கு மறுநாள் காலை கேட்காமலே விடுப்பு. விடுப்பில் இருப்பவரின் கணக்கை அந்த நாட்களில் பூட்டி வைப்பது, ஷிப்ட்_இன்சார்ஜ் சொன்ன சாவி மாதிரி.

#16 ஷிப்ட்_இன்சார்ஜ்

இரண்டாவது ஆள் வேறு ஷிப்ட் முடித்து வந்தவராக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் இரண்டு பெயர் இருக்கும், உள்ளே ஒரே களைப்பு இருக்கும்.

#17 அம்மாவின்_மகள்

டர்பைன் ஐயா சொன்ன மாதிரி செய்தேன். தம்பி வந்ததும் கிளம்பிவிட்டேன். முதலில் கை போனையே தேடியது, அப்புறம் குறைந்தது. எங்கே போனேன் என்று எழுதப் போவதில்லை, அது எனக்கு மட்டும்.

தம்பியிடம் ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்தேன்: மருந்து நேரம், அம்மா என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும், தாழ்ப்பாள் விஷயம். இரண்டு பக்கம் வந்தது. அவன் இதைப் பார்த்து, "இவ்வளவும் நீ தினமும் செய்கிறாயா?" என்றான். இனி வாரம் ஒருமுறை வருவதாகச் சொல்லியிருக்கிறான். சிஸ்டர், உங்கள் வார்டில் ஹேண்ட்ஓவர் எழுதும் முறையைக் கொஞ்சம் இங்கே போட முடியுமா? என் தாள் ஒரே குழப்பமாக இருக்கிறது.

#18 வார்டு_நர்ஸ்

கண்டிப்பாக அம்மா. நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இப்போது என்ன நிலைமை, இதுவரை நடந்தது என்ன, நீங்கள் கவனித்தது என்ன, அடுத்தவர் செய்ய வேண்டியது என்ன. எங்கள் வார்டிலும் இந்த வரிசைதான். தாழ்ப்பாளை முதல் பகுதியில் முதல் வரியாகப் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் எழுதியதை இங்கே போட்டால் நான் பார்த்து ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.